மூன்று வருஷத்து ஸ்டூடியோ

ஒரு காரியம் நெடுங்காலம் நீடித்து நின்றால்தான் அதற்கு மதிப்பு என்பது நம்மவரிடையே ஊறிப்போன எண்ணம். நூற்றாண்டு கண்ட கோயிலுக்குக் கல்வெட்டு உண்டு. ஐம்பதாண்டு நடந்த கடைக்குப் பொன்விழா உண்டு. மூன்று வருஷம் நடந்து முடிந்துபோன காரியத்திற்கோ ஒன்றும் கிடையாது. "அது நிலைக்கவில்லை" என்ற இரண்டு வார்த்தையில் அதன் சரித்திரத்தை முடித்துவிடுகிறோம். இந்த மனோபாவம் தவறானது மட்டுமல்ல, நாட்டுக்கு நஷ்டத்தை விளைவிப்பதும் ஆகும் என்பது நமது அபிப்பிராயம்.

டெலிவிஷனில் வந்துபோகும் ஹாஸ்யத் தொடர்களின் கதியையே பாருங்கள். சென்னையில் டெலிவிஷன் நிலையம் 1975-ம் வருஷம் ஆகஸ்டு 15-ந் தேதி தொடங்கியது. பிற்பாடு தேவனுடைய துப்பறியும் சாம்பு அந்தச் சின்னத் திரையில் காத்தாடி ராமமூர்த்தியின் உருவில் நடமாடினார். குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து ஜனங்கள் சிரித்தார்கள். அக்காலத்துத் தொடர்களுக்குப் பெரும்பாலும் பதின்மூன்று வாரம் என்பதே கணக்கு. வாரம் முடிந்தால் தொடரும் முடிந்தது. ஒளிநாடா விலையுயர்ந்த பண்டமாக இருந்தபடியால், பழைய நிகழ்ச்சியை அழித்து அதன் மேலேயே புதியதைப் பதிவு செய்வதும் உண்டு.

இக்குற்றம் நமக்கு மட்டும் உரியதன்று. லண்டன் பி.பி.ஸி. ஸ்தாபனத்தாரும் இதையே செய்தார்கள். 1968 முதல் 1977 வரை ஒளிபரப்பாகி இங்கிலாந்து முழுவதையும் சிரிக்கவைத்த 'டாட்ஸ் ஆர்மி' என்ற ஹாஸ்யத் தொடரில், 1969-ல் வெளிவந்த மூன்று பகுதிகள் இன்றளவும் அகப்படவில்லை. ஒன்பது வருஷம் செல்வாக்குடன் விளங்கிய தொடருக்கே அந்தக் கதி என்றால், ஒரே பருவத்தோடு நின்றுபோனவற்றைப் பற்றியும், அவற்றை உண்டாக்கியவர்களைப் பற்றியும் கேட்பார் யார்?

டெலிவிஷன் தமிழ்நாட்டுக்கு வருவதற்கு முப்பது வருஷம் முன்னதாக, நமது செட்டிநாட்டிலேயே அற்பாயுளில் முடிந்த கலை முயற்சி ஒன்று உண்டு. அதை நினைவூட்டுவதற்காகவே இதனை எழுதுகிறோம். காரைக்குடிக்கு அருகே தேவகோட்டை ரஸ்தாவில் ஏ.வி.எம். ஸ்தாபனம் நடத்திய ஸ்டூடியோவைத்தான் சொல்லுகிறோம். கோடம்பாக்கத்து ஏ.வி.எம். ஸ்டூடியோவை அறியாத தமிழர் இல்லை. அதன் பூர்வாசிரமம் காரைக்குடி என்பதைக் காரைக்குடியிலேயே எத்தனை இளைஞர்கள் அறிவார்கள்?

காரைக்குடியில் 1907-ம் வருஷம் பிறந்த ஆவிச்சி மெய்யப்பச் செட்டியார், தகப்பனாருடைய கடையில் கிராமபோன் தட்டுகள் விற்றதில் தொடங்கி, சென்னைக்குச் சென்று இசைத்தட்டு வியாபாரத்தில் இறங்கி, அங்கிருந்து பேசும்படத் தொழிலுக்கு வந்தவர். 1935-ல் எடுத்த 'அல்லி அர்ஜுனா'வும் 'ரத்னாவளி'யும் கையைச் சுட்டன. அவர் அதோடு விட்டுவிடவில்லை. 1938-ல் வந்த 'நந்தகுமார்', பின்னணிப் பாட்டைத் தமிழில் முதன்முதலாகக் கையாண்ட படம் என்று பெயர் பெற்றது. 1943-ல் கன்னடத்தில் எடுத்த 'ஹரிச்சந்திரா'வை மறு வருஷமே தமிழ் பேசவைத்தார். புதியது ஒன்றைத் துணிந்து செய்து பார்க்கும் சுபாவம் அவருக்கு ஆதியிலேயே இருந்தது.

ஹாஸ்யத்திலும் அந்தத் துணிவு வெளிப்பட்டது. பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகத்தை ஆதாரமாகக் கொண்டு 1941-ல் வெளியான 'சபாபதி'யில் யஜமானன் பெயரும் சபாபதி, வேலைக்காரன் பெயரும் சபாபதி. அசட்டு யஜமானனாக டி.ஆர். ராமச்சந்திரனும், அவனுக்கேற்ற வேலைக்காரனாகக் காளி என். ரத்தினமும் நடித்தார்கள். புராணமும் ராஜா ராணிக் கதையும் மலிந்திருந்த காலத்தில், ஒரு வீடு, ஒரு பள்ளிக்கூடம், இரண்டு அசடுகள் ஆகியவற்றைக் கொண்டே முழுநீளப் படத்தை நடத்திவிடலாம் என்று காட்டியது அப்படம். இன்றைய டெலிவிஷன் ஹாஸ்யத் தொடர்களுக்குத் தமிழில் ஒரு பாட்டனார் வேண்டுமென்றால், சபாபதியையே காட்டுவோம்.

அவ்வருஷ முடிவில் ஜப்பானும் யுத்தத்தில் இறங்கியது. 1942 ஏப்ரலில் ஜப்பானியர் வருகிறார்கள் என்ற பீதியில் சென்னைப் பட்டணமே காலியாயிற்று, ஸ்டூடியோக்களும் ஓய்ந்தன. பிலிம் சுருளுக்குக் கடும் பஞ்சம். ஒரு படம் 11,000 அடிக்கு மேல் போகலாகாதென்று சர்க்கார் வரம்பு கட்டியது. சொந்தமாக ஒரு ஸ்டூடியோ வேண்டும் என்ற எண்ணத்துடன் மெய்யப்பர் 1945-ல் ஏ.வி.எம். ஸ்தாபனத்தைத் தொடங்கியபோது, பட்டணத்தில் புது ஸ்டூடியோவுக்கு வேண்டிய மின்சாரம் கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்தது. பட்டணம் கைவிரித்தால் என்ன, சொந்த ஊர் இல்லையா என்று அவர் காரைக்குடிக்குத் திரும்பினார். அன்று இராமநாதபுரம் ஜில்லாவாகவும் இன்று சிவகங்கை மாவட்டமாகவும் உள்ள இந்த வறண்ட பூமியில், தேவகோட்டை ரஸ்தாவில் தமிழ்ப் படம் தயாராகலாயிற்று.

இங்கே தயாராகி 1947 ஜனவரியில், பொங்கலையொட்டி வெளிவந்த படம் 'நாம் இருவர்'. அதன் மூலக்கதை ஒரு மேடை நாடகம். 'தியாக உள்ளம்' என்று பெயர் கொண்ட அந்நாடகத்தை எழுதியவர் ப. நீலகண்டன், மேடையேற்றியது என்.எஸ். கிருஷ்ணன் நாடக சபை. யுத்த காலத்தில் ஏழைகளின் வயிற்றில் அடித்துப் பணம் திரட்டிய கள்ளமார்க்கெட்டுக்காரர்களைச் சாடிய கதை அது. அரிசிக்கும் துணிக்கும் கால்கடுக்க நின்ற ஜனங்களுக்கு அந்தக் கதை புராணமாகவா தோன்றியிருக்கும்? தங்கள் தெருவையும் தங்கள் ஊர்க் கடைக்காரனையுமே அவர்கள் திரையில் கண்டார்கள்.

அதை உண்டாக்கியவர்களின் ஜாபிதாவைச் சற்றுப் பார்ப்போம். டைரக்டர் மெய்யப்பரே. கதாநாயகன் 'சபாபதி' புகழ் டி.ஆர். ராமச்சந்திரன். உடன் நடித்தவர்கள் பி.ஆர். பந்துலுவும், டி.ஏ. ஜயலக்ஷ்மியும், ஹாஸ்யத்தில் கைதேர்ந்த கே. சாரங்கபாணியும். மேடையில் கிழவர் வேஷம் போட்டுவந்த, இருபதைத் தாண்டியிராத விருதுநகர் இளைஞர் வி.கே. ராமசாமி அதே கிழவர் வேஷத்தோடு முதன்முதலாகத் திரையில் தோன்றியது இப்படத்தில்தான். அன்று நரைத்த தலை பின்னர் ஐம்பது வருஷத்திற்கு மேல் தமிழரைச் சிரிக்கவைத்தது. சங்கீதம் ஆர். சுதர்சனம். பாரதி பாடல்களைப் பாடியவர் டி.கே. பட்டம்மாள். ஆடியது சிறுமி கமலா. அவருக்குக் குரல் கொடுத்தவர் எம்.எஸ். ராஜேஸ்வரி.

இவர்களில் பலருக்கு அது முடிவன்று, ஆரம்பமே. கதாசிரியரான நீலகண்டன் 1951-ல் 'ஓர் இரவு' படத்தின் டைரக்டரானார். பந்துலு 1959-ல் 'வீரபாண்டிய கட்டபொம்ம'னையும், 1961-ல் வ.உ.சி.யின் வாழ்க்கையைக் கூறும் 'கப்பலோட்டிய தமிழ'னையும் தமிழருக்குக் கொடுத்தார். கமலாவின் நாட்டியத்திற்கு 1970-ல் பத்மபூஷண் கிடைத்தது. அற்பாயுள் ஸ்டூடியோ என்று நாம் தள்ளிவிடும் அந்த இடம், எத்தனை நீண்ட ஆயுளுள்ள காரியங்களுக்கு நாற்றங்காலாக இருந்தது என்பதை யோசிக்க வேண்டும். நாற்றங்காலில் பயிர் சில நாள்தான் நிற்கும். அதற்காக நாற்றங்கால் விளையவில்லை என்று எந்தக் குடியானவனும் சொல்லமாட்டான்.

படத்தின் பாடல்களைப் பற்றித் தனியே சொல்லவேண்டும். சுதந்திரம் கைக்கு வந்துவிட்டதாகவே பாவித்து ஆனந்தக் கூத்தாடும் பாட்டு ஒன்றை, அது வருவதற்கு வெகு காலம் முன்பே பாரதியார் பாடிவைத்துவிட்டு 1921-ல் மறைந்தார். அப்பாட்டைப் பட்டம்மாளின் குரலில் இப்படம் ஊரெங்கும் ஒலிக்கச் செய்தது 1947 ஜனவரியில். வெள்ளைக்காரன் கொடி இறங்கியது ஆகஸ்டு 15-ல். இடைப்பட்ட ஏழு மாதமும், நடக்கப் போவதை நடந்ததாகவே தமிழ் ஜனங்கள் கொட்டகைகளில் கேட்டு மகிழ்ந்தார்கள். காந்தியடிகளைப் போற்றி கே.பி. காமாட்சி எழுதிய பாட்டும் குழந்தைகளின் வாயில் நடமாடியது. இவையெல்லாம் புறப்பட்ட இடம் தேவகோட்டை ரஸ்தா என்பது செட்டிநாட்டார் பெருமையோடு சொல்லிக்கொள்ளத் தக்க விஷயம் அல்லவா?

1948-ல் 'வேதாள உலகம்' வெளியாயிற்று. அதுவும் பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகமே. அதே வருஷம் ஸ்தாபனம் கோடம்பாக்கத்துக்குக் குடிபெயர்ந்தது. ஏறக்குறைய மூன்றே வருஷத்தில் காரைக்குடி அத்தியாயம் முடிந்தது. இதில் யாரையும் குறைகூற இடமில்லை. நடிகர்களும் வாத்தியக்காரர்களும் கருவிகளும் விநியோகஸ்தர்களும் பட்டணத்தில்; ஸ்டூடியோ மட்டும் இருநூற்றைம்பது மைலுக்கு அப்பால். யுத்தம் முடிந்து பட்டணத்தில் வசதி பெருகியபின் தொழில் அங்கே போனது இயற்கை. போனதைப் பற்றி நமக்கு வருத்தமில்லை. இருந்ததை மறந்ததைப் பற்றியே வருத்தம்.

இந்தக் கதையில் சட்டம் சம்பந்தப்பட்ட கிளை ஒன்று உண்டு. அது நம் வாதத்திற்கு மிகவும் வேண்டியது. பாரதி பாடல்களை இசைத்தட்டிலும் படத்திலும் உபயோகிக்கும் உரிமை ஒரு நகை வியாபாரியிடம் இருந்தது. அதை மெய்யப்பர் விலைக்கு வாங்கியிருந்தார். சட்டப்படி அவர் செய்தது முற்றிலும் சரி. ஆனால் டி.கே.எஸ். சகோதரர்களின் 'பில்ஹணன்' படத்தில் பாரதி பாட்டு இடம்பெற்றதற்கு ஆட்சேபம் கிளம்பியபோது, தேசத்தின் கவியைத் தனி ஒருவர் சொத்தாக வைத்திருக்கலாமா என்ற கேள்வி தமிழ்நாடெங்கும் எழுந்தது. வ.ரா., நாரண. துரைக்கண்ணன் முதலிய எழுத்தாளர்கள் பாரதியை விடுவிக்கக் கழகமே அமைத்தார்கள். முடிவில் 1949-ல் சென்னை சர்க்கார் பாரதி நூல்களைப் பொதுவுடைமையாக்க முன்வந்தது. மெய்யப்பர் தம் உரிமையை விலையின்றி விட்டுக்கொடுத்தார்.

ஒரு கவியின் நூல்களை சர்க்கார் வாங்கி ஜனங்களுக்குக் கொடுத்தது உலகத்திலேயே அபூர்வமான செயல். அதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய நீதி ஒன்று உண்டு. ஒருவர் முதல் போட்டு உண்டாக்கியதாயினும், ஜனங்களின் உள்ளத்தில் இடம்பெற்றுவிட்ட கலைப்படைப்பு நாளடைவில் ஜனங்களுடைய சொத்தாகிறது. 1957-ம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டமும் இதையே ஒப்புக்கொள்கிறது. சினிமாப் படத்திற்கு அது வெளியான வருஷத்தின் முடிவிலிருந்து இன்று 60 வருஷமே உரிமைக்காலம். அக்கணக்கின்படி 1947-ல் வெளியான படத்தின் உரிமை 2007-உடன் தீர்ந்து, அது பொதுச் சொத்தாகிறது.

ஆனால் சட்டம் உரிமையைத்தான் கொடுக்கும், பொருளைக் காப்பாற்றித் தராது. அக்காலத்துப் படங்கள் பெரும்பாலும் நைட்ரேட் பிலிமில் எடுக்கப்பட்டவை. எளிதில் தீப்பிடிப்பதும், தீப்பிடிக்காவிட்டாலும் தானே மக்கிப் போவதும் அதன் குணம். 1931-ல் வெளியான தமிழின் முதல் பேசும்படமாகிய 'காளிதா'ஸின் பிரதி ஒன்றுகூட இன்று இல்லை. நூல்கள் விஷயத்தில் 1954-ம் வருஷத்துச் சட்டம் ஒன்று இருக்கிறது. இந்தியாவில் அச்சாகும் ஒவ்வொரு நூலின் பிரதியும் கல்கத்தா தேசிய நூலகத்திற்கும் நமது சென்னைக் கன்னிமாராவுக்கும் இன்னும் இரண்டு நூலகங்களுக்கும் சேரவேண்டும் என்று அது விதிக்கிறது. சினிமாப் படத்திற்கும் டெலிவிஷன் தொடருக்கும் அப்படிப்பட்ட விதி இல்லை. 1964-ல் புனாவில் ஏற்படுத்திய தேசியத் திரைப்படக் காப்பகம், கொடுப்பவர் கொடுத்ததையும் தேடிப் பிடித்ததையும் கொண்டே நடந்து வந்திருக்கிறது. ஒரு துண்டுப் பிரசுரத்துக்கு உள்ள பாதுகாப்பு, லக்ஷக்கணக்கானோர் பார்த்து மகிழ்ந்த படத்திற்கு இல்லை என்பது விபரீதம் அல்லவா?

"பழைய படங்களெல்லாம் இண்டர்நெட்டில் கிடைக்கின்றனவே, இன்னும் என்ன வேண்டும்?" என்று சிலர் கேட்கலாம். கிடைப்பது பெரும்பாலும் பிரதிக்குப் பிரதி எடுத்து, முகம் தெரியாமல், ஒலி கெட்டு, நடுவே துண்டு விழுந்து எஞ்சியது. மழையில் நனைந்த ஏட்டிலிருந்து நாலு செய்யுள் தேறியதென்று உ.வே. சாமிநாதையர் திருப்திப்பட்டிருந்தால் சங்க நூல்களின் கதி என்னவாகியிருக்கும்? இன்னும் சிலர், "இது வியாபாரம், செட்டியார் லாபத்துக்காகப் படம் எடுத்தார், அதற்கு நினைவுச் சின்னம் எதற்கு?" என்பார்கள். லாபம் கருதினார் என்பது உண்மையே. கப்பல் ஓட்டிய வ.உ.சி.யின் கம்பெனியும் பங்கு விற்றுத்தான் நடந்தது. அதுவும் நீடிக்கவில்லை. அதனால் அது மறக்கத்தக்கதாயிற்றா?

செட்டிநாட்டின் இன்றைய நிலையை நோக்கும்போது இக்கேள்வி இன்னும் கூர்மையாகிறது. இங்குள்ள அரண்மனை போன்ற வீடுகளில் இன்று படப்பிடிப்புக்குக் குறைவில்லை. பர்மாத் தேக்குத் தூணும், ஆத்தங்குடிக் கல் பதித்த தரையும் பல பாஷைப் படங்களில் தோன்றுகின்றன. நம் நாடு படத்திற்குப் பின்னணியாக நிற்கிறது. ஒரு காலத்தில் அது படத்தை உண்டாக்கும் இடமாகவே இருந்தது. வாடகைக்கு முகப்பைக் காட்டுவதில் தவறில்லை. ஆயினும், வேலை செய்த கையை மறந்துவிட்டு முகப்பை மட்டும் நினைவில் வைத்திருப்பது செட்டிநாட்டுக்கு அழகன்று.

மறதிக்கு மருந்து எங்கிருந்து வரும் என்பதற்கும் நம் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார், சென்னையில் விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்தவர். பழம் நூல்களோடு நாடக நோட்டீஸ்கள், பாட்டுப் புத்தகங்கள், அழைப்பிதழ்கள் என்று பிறர் குப்பையில் போடுவதையெல்லாம் பொறுக்கிச் சேர்த்தார். வீட்டார் வியந்திருப்பார்கள், ஊரார் நகைத்திருப்பார்கள். 1992-ல் அவர் காலமானபின் அந்தச் சேகரத்தின் அருமையை உணர்ந்து விலைகொடுத்து வாங்கியது அமெரிக்காவிலுள்ள சிக்காகோ சர்வகலாசாலை. அது கடல்கடந்து போகாமல், 1994-ல் சென்னையிலேயே அவர் பெயரால் ஆராய்ச்சி நூலகமாக அமைந்தது நமது பாக்கியம். தமிழன் தேடிய செல்வத்தைத் தமிழனுக்காகக் காப்பாற்ற அந்நியன் பணம் கொடுக்க வேண்டியிருந்தது என்பது, நன்றியோடு வெட்கமும் கொள்ளவேண்டிய விஷயம்.

ஆகையால் மூன்று காரியங்களை வற்புறுத்துகிறோம். முதலாவது, செட்டிநாட்டுக் குடும்பங்களின் பொறுப்பு. வீட்டைப் பங்கு பிரிக்கும்போதும் விற்கும்போதும், கதவுக்கும் நிலைக்கும் விலை பேசுகிற நாம், பெட்டகத்தில் கிடக்கும் காகிதங்களை எடைக்குப் போட்டுவிடுகிறோம். பழைய இசைத்தட்டு, பாட்டுப் புத்தகம், ஸ்டூடியோவில் எடுத்த புகைப்படம், கூலி கொடுத்த சிட்டை எதுவாயினும் அதைப் பொது நூலகத்தில் சேர்ப்பிக்க வேண்டும். அரங்கம் கட்டிய தச்சரும், விளக்குப் பிடித்த தொழிலாளியும் படத்தின் பெயர்ப் பட்டியலில் வருவதில்லை. அவர்கள் இருந்ததற்குச் சாக்ஷி அந்தச் சிட்டைதான்.

இரண்டாவது, ஊரின் பொறுப்பு. 1939 முதல் கம்பனுக்கு விழா எடுத்துவரும் ஊர் இது. சா. கணேசனைப் போன்ற ஒரு தேசபக்தர் தொடங்கிய காரியத்தை இத்தனை தலைமுறையாக நடத்தத் தெரிந்தவர்களுக்கு, தேவகோட்டை ரஸ்தாவில் நடந்ததை எழுதிவைப்பது பெரிய காரியமன்று. வள்ளல் அழகப்பர் 1947-ல் விதைத்த கல்லூரி இன்று சர்வகலாசாலையாக வளர்ந்திருக்கிறது. அதன் மாணவர்கள் ஊர் ஊராகச் சென்று முதியோர்களிடம் கேட்டு எழுதினால், இன்னும் மறையாத நினைவுகளாவது தப்பும். ஸ்டூடியோ இருந்த இடத்தில் ஒரு கல்லும், காரைக்குடியில் ஒரு காட்சிசாலையும் இருக்கவேண்டியது நியாயம்.

மூன்றாவது, சர்க்காரின் பொறுப்பு. நூல்களுக்கு உள்ளதுபோல் சினிமாப் படங்களுக்கும் டெலிவிஷன் தொடர்களுக்கும் கட்டாயப் பிரதிச் சட்டம் வேண்டும். படம் ஓடியதா, தொடர் எத்தனை வாரம் நின்றது என்ற கேள்வியே அதில் கூடாது. நன்றாக ஓடியதைக் காப்பாற்ற முதலாளியே இருக்கிறார். ஓடாமல் நின்றதைக் காப்பாற்றத்தான் சட்டம் தேவை. பதின்மூன்று வாரத்தோடு நின்ற ஒரு ஹாஸ்யத் தொடரிலும் ஒரு வி.கே. ராமசாமி கிழவர் வேஷத்தில் ஒளிந்திருக்கலாம்.

எந்தக் கலை முயற்சி எத்தனை காலம் நீடிக்கும் என்பது பணத்தையும் காலத்தையும் பொறுத்தது. அது உண்டாக்கியவர் கையில் இல்லை. அது நினைவில் நிற்குமா என்பது மட்டும் நம் கையில் இருக்கிறது. பாரதியின் பாட்டைப் பொதுச் சொத்தாக்கிய தமிழ்நாட்டுக்கு, அப்பாட்டைத் திரையில் ஒலிக்கச் செய்த இடத்தைப் போற்றிக் காப்பதும் கடமையாகும். செட்டிநாட்டார் இதில் முந்திக்கொள்வார்களாக.